ஓநாய் திரும்பிப் பார்த்தது

நாய் நடக்கும்போது எந்த வரிசையில் கால்களை எடுத்து வைக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள், ஐயா. நானும் விழித்தவன்தான். இடது பின்னங்கால், இடது முன்னங்கால், அப்புறம் வலது பக்கமும் அப்படியே. இது பிடிபடவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அனிமேஷனில் பத்து வருடம் மனிதர்களை நடக்க வைத்தே காலம் தள்ளினேன். ஓநாய்ப் படம் வந்ததும் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது.

"இது ஓநாயா, மேசையா?" என்று தலைமை அனிமேட்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "முன்னங்கால்ல அடிபட்டா, அந்தக் கால் தரையில படும்போது தலை மேல போகும். நீங்க கீழ இறக்கியிருக்கீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

அக்கா வேலை விஷயமாக எட்டு மாதம் வெளியூர் போயிருந்தாள். அவளுடைய நாய் பஞ்சு என் வீட்டில் இருந்தது. "என் குழந்தைடா அது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பார்த்துக்கொண்டேன். வேளாவேளைக்குச் சாப்பாடு, வாரம் ஒரு குளியல், எதிலும் குறை வைக்கவில்லை.

முதலில் காலில் துணியை இறுக்கிக் கட்டிப் பார்த்தேன். விளையாட்டு என்று நினைத்துக் குதித்தது. பொய் நொண்டலைத் திரை காட்டிக்கொடுத்துவிடும். வியாழக்கிழமை காலை கேமராவைத் தரைமட்டத்தில் வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தேன். ஒரே அடி. இழுத்தடிப்பது எனக்குப் பிடிக்காது. அவர் சொன்னது சரிதான், தலை மேலேதான் போனது.

வெள்ளிக்கிழமை கைதட்டினார்கள். மாலையில் அக்காவுக்குப் போன் செய்து, கேட் திறந்திருந்தது, பஞ்சு ஓடிவிட்டது என்றேன். அழுதாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

படம் வெளியானதும் அவளை அழைத்துப் போனது நான்தான். பெருமை, வேறென்ன. அடிபட்ட ஓநாய் வெட்டவெளியில் தனியாக நொண்டிக்கொண்டு போகும். நாலடிக்கு ஒருமுறை நின்று, ஒரு காதை மடித்துத் திரும்பிப் பார்க்கும். பஞ்சு செய்ததை அப்படியே போட்டிருந்தேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "டேய், அது பஞ்சுடா. அது எப்போடா நொண்டுச்சு?"

படத்தைப் பார் என்றேன். திரையைப் பார்த்தபடியே, "பின்னால யாருமே இல்லையே. அது யாரைத் திரும்பிப் பாக்குது?" என்றாள்.

தொழிலில் நான் செய்த ஒரே பிழை அது. அந்தப் பார்வையைப் படத்திலிருந்து நீக்கியிருக்க வேண்டும்.

அக்கா கொடுத்த புகாரில் என் தோட்டத்தைத் தோண்டிப் பஞ்சுவின் எலும்புகளை எடுத்த உங்கள் ஆட்கள், ஓநாய்க்கு ஒரு கால்தானே, இதற்கு நாலிலும் முறிவு இருக்கிறதே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. படத்துக்கு ஒன்று போதும். மற்ற மூன்றும் நான் கற்றுக்கொள்வதற்காக. முன்னங்காலும் பின்னங்காலும் ஒரே மாதிரி நொண்டுவதில்லை, ஐயா. அரைகுறைப் படிப்பு எனக்கு ஒத்துவராது. ஒவ்வொன்றும் ஆறும்வரை காத்திருந்தேன், கட்டும் நானேதான் போட்டேன்.

அக்காவிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், அவள் மனசு ஆறும். நாலாவது முறை கூப்பிட்டபோதும் பஞ்சு வந்தது. வயிறு தரையில் தேய, வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு வந்தது. கடைசிவரை அதற்கு என்மேல் பாசம் குறையவே இல்லை.