விற்ற காரின் சொந்தக்காரர்

கார் நல்ல கார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிரேக்கின் மேல் பழி போடுவதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. மாஸ்டர் அதைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தார். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. உங்கள் மொழியில் எனக்குச் சண்டை போடத்தான் வரும், நியாயம் பேச வராது.

மாஸ்டர் எங்கள் தையற்கடையின் முதலாளி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னை நம்பி வேலை கொடுத்தவர். மனைவி போனபிறகு கடைக்கு மேலே இருந்த வீட்டில் தனியாக இருந்தார், பிள்ளைகள் இல்லை. கால்சட்டை மடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு உள்துணி வைப்பது எங்கள் வேலை. கொஞ்ச காலமாக அவருக்கு மறதி. கால்சட்டையில் ஒரே காலை இரண்டு தடவை வெட்டிவிடுவார். "நொண்டிக் கால்சட்டை ரெடி தம்பி" என்று அவரே சிரிப்பார், ஆனால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார்.

வாடிக்கையாளர் முன்னால் அவர் மானம் போகாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். "மாஸ்டர், இதை நேத்தே முடிச்சிட்டீங்க" என்பேன். முதல் தடவை முறைப்பார். கொஞ்சம் பொறுத்து, அவர் ஊசியில் நூல் கோக்கும் நேரம் பார்த்து, அதையே சாதாரணமாக மறுபடி சொல்வேன். "ஆமா, நான்தான் மறந்துட்டேன்" என்று ஒப்புக்கொள்வார். அவர் மனம் நோகாமலிருக்க நான் கண்டுபிடித்த வழி அது.

ஒருநாள் வீட்டுக்கு வழி தெரியாமல் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார். நான் போனதும் சாவியை என் கையில் திணித்தார். "இனிமே நான் ஓட்டினா யாரையாவது கொன்னுடுவேன்டா தம்பி. நீயே வாங்கிக்கோ" என்றார். கேட்ட விலையை அன்றே கையில் கொடுத்தேன். அதில் எந்த ஏமாற்றும் இல்லை.

பெயர் மாற்றும் படிவத்தில் இரண்டு பாதி உண்டு. வாங்குபவர் ஒன்றை அனுப்ப வேண்டும், விற்றவர் மற்றதைத் தானே அனுப்ப வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் அண்ணன் தம்பிக்குள்கூட அப்படித்தான் செய்கிறார்கள். நம்மவர்கள் மட்டும் வேறு மாதிரி. "நமக்குள்ள என்ன, ரெண்டையும் நீயே போட்டுடு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வயதானவர் பெயரில் இருந்தால் வாகன வரி பாதிதான். நான் இரண்டையுமே அனுப்பவில்லை. வரிக் கடிதம் அவருக்கு வந்தது. அவரும் பேசாமல் கட்டிவிட்டார். கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

விபத்து நடந்தது மழை பெய்த ஒரு சாயங்காலம். மகளுக்குக் காய்ச்சல் என்று மனைவி கூப்பிட்டாள். போனை எடுக்கக் குனிந்தேன், நிமிர்வதற்குள் அந்தப் பெண் குறுக்கே வந்துவிட்டாள். இறங்கிப் பார்த்தேன். தெரிந்த முகம். அவளுடைய பழுப்பு நிறக் கோட் எங்கள் கடையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, உள்துணியை மாஸ்டர் தைத்திருந்தார். அவளுக்கும் என்னைத் தெரிந்தது, என் சட்டையைப் பிடித்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போன் கையிலேயே இருந்தது. கூப்பிட்டால் என் நம்பர் பதிவாகிவிடும். அதோடு, அவள் பிழைத்தால் யார் பெயரைச் சொல்வாள் என்பதும் தெரிந்ததுதான். சட்டையைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். முரட்டுத்தனமாக இழுக்கவில்லை.

காரைக் கடைக்குப் பின்னால் அவருடைய பழைய இடத்தில் நிறுத்தினேன். சாவியை அவர் வீட்டு ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் காலை, "நேத்து எங்க மாஸ்டர் கார எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டேன்.

"காரா? அத உனக்கு வித்துட்டேனேடா."

"விக்கணும்னு சொன்னீங்க. இன்னும் விக்கலையே."

முறைத்தார். நான் வேலையைப் பார்த்தேன். அவர் ஊசியை எடுத்து, நூலை நாக்கில் நனைத்தபோது மறுபடி சொன்னேன். நூல் ஊசிக் காதுக்குள் போகவே இல்லை. எழுந்துபோய் ஆணியில் இருந்த சாவியைப் பார்த்தார். "ஆமா, நான்தான் மறந்துட்டேன்" என்றார். யாரோ வண்டி எண்ணைக் குறித்துக் கொடுத்து நீங்கள் வந்தபோது, நீங்கள் கேட்பதற்கு முன்பே விலங்குக்குக் கையை நீட்டினார்.

எனக்கு மனைவி, குழந்தை இருக்கிறார்கள். அவருக்கு யாரும் இல்லை. சிறையில் வேளைக்குச் சோறு, மாத்திரை, பார்த்துக்கொள்ள ஆள். நான் யோசிக்காமல் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். தவறாமல் போய்ப் பார்த்தேன். யாரைக் கொன்றோம் என்பதுகூட அவருக்கு நினைவில் நிற்பதில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்பார். சொன்னதும், அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர் போலத் தலையில் அடித்துக்கொண்டு அழுவார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியாகப் போனபோது என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கார் நல்லா ஓடுதா தம்பி? பேப்பர அனுப்பிட்டியா? இல்லன்னா வரி எனக்குல்ல வந்துடும்" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த காவலருக்குத் தமிழ் தெரியாது. நான் பழைய வழியிலேயே, "நீங்க கார விக்கல மாஸ்டர்" என்றேன். இரண்டு தடவை. அங்கே பேசுவதெல்லாம் பதிவாகும், அதைத் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கேட்பார் என்பது எனக்குத் தெரியாது.

ஆக, ஓட்டியவன் நான். அவளைச் சாகவிட்டவனும் நான்தான். இதை மாஸ்டரிடம் நீங்கள் சொல்லும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் யாரையும் கொல்லவில்லை என்று ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார், முறைப்பார். கையில் ஊசியும் நூலும் கொடுத்துவிட்டு மறுபடி சொல்லுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. இத்தனை நாளும் அவரைப் பெற்ற மகன் மாதிரி பார்த்துக்கொண்டவன் நான்.