பந்தைக் கொடுத்தவன் குசாகா

விழாவுக்குத் தலைமை தாங்கும் மினாசே கால்பந்து அணியின் தலைவி, மதிப்பிற்குரிய ஒதாகே அம்மையார் அவர்களே! மழையென்றும் பனியென்றும் பாராமல் முரசறைந்து எங்களைத் தாங்கிய பெரியோர்களே! சேற்றில் புரண்டு வந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்துக் கை சிவந்த தாய்மார்களே! தோற்ற நாளிலும் தொண்டை கிழியக் கத்திய தோழர்களே! முன்களத்தில் ஓடி ஓய்ந்த இந்த இவாசேயின் வணக்கம்.

ஜப்பானின் முதல் பிரிவுக்கு நம் துறைமுகத்து அணி ஏறிவிட்டது! ஏற்றியவன் யார்? இதோ, தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறானே, நடுக்கள வீரன் குசாகா யூதோ, இவன்தான்! தட்டுங்கள், இன்னும் தட்டுங்கள், நன்றாக வெட்கப்படட்டும்.

இன்று கொடிகட்டிப் பறக்கிறான். இருபது வயதில் இவன் நிலை என்ன? சேர்ந்த முதல் அணியே "அடுத்த ஆண்டு நீ வேண்டாம்" என்று அனுப்பிவிட்டது. டிசம்பர் குளிரில், கழித்துவிடப்பட்ட வீரர்களெல்லாம் ஒரே மைதானத்தில் கூடி, எல்லா அணிகளின் ஆட்களுக்கும் முன்னால் ஆடிக்காட்டும் தேர்வு. நானும் கழிக்கப்பட்டவன்தான், அங்கேதான் இவனை முதலில் பார்த்தேன். யாரும் கூப்பிடாவிட்டால் இவனுடைய கால்பந்து அத்தோடு முடிந்தது. புத்தாண்டு முதல் அப்பாவின் டயர் கடைதான்.

அந்தத் தேர்வில் ஒருவர் இன்னொருவருக்குப் பந்து கொடுப்பாரா, ஐயா? கோல்காப்பாளரே முன்னால் ஓடிவந்து கோல் அடிக்கப் பார்க்கிற இடம் அது! அங்கே குசாகா மட்டும் கொடுத்தான். வலப்பக்கம் ஓடியவனுக்குக் கொடுத்தான், இடப்பக்கம் ஓடியவனுக்குக் கொடுத்தான், ஓடமுடியாமல் நின்ற எனக்கும் கொடுத்தான்! மூன்று பேர் கோல் அடித்தோம். மூன்றுமே இவன் கொடுத்த பந்து.

எனக்கே பொறுக்கவில்லை. இடைவேளையில் இவனைப் பிடித்துக் கேட்டேன்.

"டேய் தம்பி, உன் பொழப்பு போயிட்டிருக்கு. ஒரு தடவையாவது நீயே அடிடா."

"நான் அடிச்சா வெளிய போகும்ணே. நீங்க அடிச்சா உள்ள போகும்."

கோல் அடித்த மூவரையும் மூன்று அணிகள் அழைத்தன. இவனை? ஒருவரும் அழைக்கவில்லை.

ஒப்பந்தம் பேச வரச்சொன்ன நம் அம்மையார், ஆவி பறக்கும் ஓதென் குழம்புக் கிண்ணத்தை என் முன் தள்ளி, எத்தனை கோல் அடிப்பாய் என்று கேட்டார். "எனக்குப் பந்து குடுத்தவனக் கூப்பிடுங்கம்மா, அப்புறம் சொல்றேன்" என்றேன். நான் மட்டுமா சொன்னேன்? மற்ற இருவரும் தத்தம் அணியில் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்! நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவே இல்லை. அந்த வாரமே டயர் கடைக்கு மூன்று அழைப்புகள், தோழர்களே!

மூன்றில் ஏழை அணி நம்முடையது. இதைப் போய் ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று அம்மையார் வியந்து கேட்டார். இந்தப் பிள்ளை தயங்காமல் சொன்னான்: "இவாசே அண்ணன் மத்தவங்க மாதிரி வேகமா ஓடமாட்டாரு. அவருக்குத்தான் நான் ரொம்பத் தேவை."

என்ன, பின்வரிசையில் இவ்வளவு சிரிப்பு? என் வயிற்றைப் பார்த்தா? சிரியுங்கள்! எனக்கும் அன்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஆண்டு அடித்ததுபோல் என் வாழ்நாளில் நான் கோல் அடித்ததே இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

அடித்தவன் பெயர் பலகையில் ஏறும். கொடுத்தவன் பெயர் ஏறுமா? ஏறாது. ஏறாவிட்டால் என்ன? வாங்கியவர்களின் நெஞ்சில் ஏறும்! இன்று காலை தேசிய அணியின் அழைப்பு வந்திருக்கிறது. வேண்டாம் என்று ஓர் அணி தள்ளியவனை, வேண்டும் என்று நாடே கேட்கிறது!

குளிரில் நின்று கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, என் வணக்கம். குசாகா, எழுந்து நில். ஊர் உன் முகத்தைப் பார்க்கட்டும்!