வாரத்துக்குக் கால் சுற்று

ஒரு ஸ்பிரிங் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவேன். முப்பத்தெட்டு வருஷம் தராசு பழுது பார்த்த கை. ஆகவே உங்கள் மேஜையில் இருக்கும் அந்தக் குழலைச் சோதனைக்கு அனுப்பி அலைய வேண்டாம். உள்ளே இருப்பது அதோடு வந்த ஸ்பிரிங் இல்லை. தபால் நிறுக்கும் பழைய தராசு ஒன்றிலிருந்து கழற்றி நான் போட்டது.

அது தொண்டைப் பயிற்சிக் குழல். பக்கவாதம் வந்த பிறகு என் மனைவிக்குக் கை கால் ஓரளவு தேறியது, தொண்டை மட்டும் ஒத்துழைக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம். இந்தக் குழலைக் கவ்வி ஓங்கி ஊதினால், ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு உள்மூடி திறந்து 'புஸ்' என்று சத்தம் வரும். வாரத்துக்குக் கால் சுற்று திருகை இறுக்க வேண்டும். இறுக இறுகத் தசை பலப்படும், பிறகு விழுங்கலாம். பயிற்சி தந்த அம்மாள் விளக்கிவிட்டு, "ஸ்பிரிங் சமாச்சாரத்தை உங்களுக்கு நான் சொல்லணுமா சார்?" என்று சிரித்தார்.

ஆறு வேளையும் நானே ஆகாரம் ஏற்றினேன். அவள் முதுகில் ஒரு புண் வரவில்லை. "இப்படி ஒருத்தர் கிடைக்க அக்கா குடுத்து வச்சிருக்கணும்" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னபோது, என் மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கூச்ச சுபாவம்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கன்னம் உப்பி, கண்ணில் நீர் கட்டும்வரை ஊதுவாள், மூடி அசையாது. மூன்றாம் வாரம் திறந்தது. அன்றுதான் முதன்முதலாக ஒரு வார்த்தை தெளிவாக வந்தது.

"பெட்டி" என்றாள். "என் பெட்டி... எங்க?"

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பக்கவாதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு துணிமணிகளை அதில் அடுக்கி வைத்திருந்தாள். தங்கை வீட்டுக்குப் போகிறாளாம், திரும்பி வர மாட்டாளாம். "உங்க எதிர்ல உக்காந்தா எனக்கு ஒரு வாய்கூட இறங்கல. முப்பது வருஷமா இறங்கல" என்றாள். நான் கை நீட்டியவன் இல்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. உப்பு கூடினால் தட்டை நகர்த்தி வைப்பேன். எங்கே போகிறாய், யாரோடு பேசினாய் என்று கேட்பேன். கேட்பது ஒரு குற்றமா? அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெட்டியைப் பிரித்து, துணிகளைப் பழைய மடிப்பிலேயே அலமாரியில் வைத்துவிட்டேன்.

பெட்டியைக் கேட்ட அன்று மதியம், அவள் தூங்கியதும் ஸ்பிரிங்கை மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. திருகின் எண் வழக்கம்போல ஏறும், பாரம் ஏறாது. மூக்கில் குழாய் இருக்கும்வரை அவள் எங்கும் போக முடியாது. அவ்வளவுதான் நான் நினைத்தது.

அதற்குப் பிறகு பதினோரு வாரம். ஒவ்வொரு 'புஸ்'ஸுக்கும் நல்ல கையால் கட்டிலைத் தட்டுவாள். எண் ஏற ஏற, என் பக்கம் திரும்பிக் கோணல் வாயால் சிரிப்பாள். எனக்கு அவள் அப்படிச் சிரித்து ஞாபகமே இல்லை. சமையலறைக்குப் போய் அழுதிருக்கிறேன், மறைக்கவில்லை. வாரம் முடிந்ததும் கால் சுற்று இறுக்கி, அட்டவணையில் குறித்து வைப்பேன்.

பயிற்சியம்மாளுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "நம்பர் ஏறுது சார், ஆனா இருமல்ல பலமே இல்லையே. திங்கக்கிழமை டெஸ்ட் பாத்துடலாம். அதுவரைக்கும் வாய்ல சொட்டுத் தண்ணி கூடாது."

சனிக்கிழமை தங்கை வந்தாள். அட்டவணையைப் பார்த்தாள். "கடைசி நம்பரே வந்துடுச்சே அத்தான்! ஒரு வாய் குடிச்சா என்ன ஆயிடும்? அக்கா, டெஸ்ட் முடிஞ்சதும் நேரா நம்ம வீடுதான்" என்று டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

என் மனைவி டம்ளரை உதடுவரை கொண்டுபோனாள். குடிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். கடைக்குப் போக, தங்கைக்குப் போன் போட, ஜன்னலைத் திறக்க, எல்லாவற்றுக்கும் அவள் என்னைப் பார்க்கும் அதே பார்வை.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். காரணம்கூடத் தேடவேண்டியதில்லை, பயிற்சியம்மாள் சொன்னதே இருந்தது. ஆனால் திங்கட்கிழமை வந்தால் ஸ்பிரிங் வெளியே வந்துவிடும். புதுக் குழல் வரும், அவள் நிஜமாகவே தேறுவாள், பெட்டியைக் கேட்பாள்.

தலையாட்டினேன்.

மூன்று மாதத் தாகம். ஒரு வாயோடு நிற்கவில்லை, டம்ளரைக் காலி செய்தாள். இருமல் வரவில்லை. வருவதற்குப் பலம் வேண்டும். தங்கை கைதட்டினாள். ஒன்பதாம் நாள் நுரையீரலில் சீழ் கட்டி என் மனைவி போய்விட்டாள். "நான்தான் அக்காவைக் கொன்னுட்டேன்" என்று தங்கை அழுதாள். அவள் தோளைத் தட்டி நான்தான் தேற்றினேன். பயிற்சியம்மாள் குழலை வாங்கிக் கழுவி, கடைசி எண்ணில் வைத்துத் தானே ஊதிப் பார்த்திராவிட்டால் இன்னும் தேற்றிக்கொண்டிருப்பேன்.

தெரிந்துதான் தலையாட்டினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கட்டாயப்படுத்தினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பெட்டி ஒன்றைத் தவிர, என் மனைவி என்னைக் கேட்காமல் எதையும் செய்தவள் இல்லை. கடைசித் தண்ணீரைக்கூட என்னைக் கேட்டுத்தான் குடித்தாள்.