கோட்டிங் போடாத பைப்

என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்தீங்களே, அந்த ஜீப்புல சைலென்ஸர் எங்கேயோ ஓட்டை சார். வரும்போதே சத்தத்துல தெரிஞ்சது. சின்ன ஓட்டைதான், இப்பவே அடைச்சிடுங்க. விட்டா வேலை பெருசாயிடும்.

சரி, என் விஷயத்துக்கு வர்றேன். மாப்பிள்ளையோட கார் எப்படித் தீப்பிடிச்சதுன்னுதானே கேட்டீங்க. அதுக்கு முதல்ல ஹெடர்னா என்னன்னு தெரியணும். இன்ஜினை விட்டுப் புகை வெளியே வர்ற முதல் பைப் அது. அடுப்புல சொருகின கம்பி மாதிரி காயும். அது மேல பீங்கான் பூச்சு கொடுத்ததும் கிடைக்குது, கோட்டிங்னு சொல்வோம். சூடு உள்ளேயே அடங்கிப் பின்னால போயிடும், துருவும் ஏறாது. ஆனா விலை ஏறக்குறைய இன்னொரு பைப் வாங்குற அளவுக்கு வந்துடும். டவுனுக்குள்ளேயே ஓட்டுறவனுக்கு அது தண்டச் செலவு. மேட்டு ரோட்டுல ஏறி இறங்குறவனுக்கு அது அவசியம். பட்டறை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கேக்குறவங்க எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிட்டு வர்றேன். தொழில்ல நான் யாரையும் ஏமாத்தினதில்ல.

மாப்பிள்ளை தினமும் மேட்டு ரோட்டுலதான் வேலைக்குப் போயிட்டு வந்தார்.

மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி புருஷன். அப்பா அம்மா போனப்ப அவளுக்குப் பால் பல்லு விழுற வயசு. என் பட்டறையிலதான் வளர்ந்தா. பென்சில் புடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பேனர் புடிச்சவ. வாயா அது, அவ பேச ஆரம்பிச்சா காது ரெண்டு பத்தாது. அவளுக்கு நானேதான் மாப்பிள்ளை பார்த்தேன். கிளியை வளர்த்துப் பூனை கையில கொடுத்தான்னு சொல்வாங்க. இவர் பூனை இல்ல சார், தங்கமான மனுஷன். அதை நான் எங்கே வேணாலும் சொல்வேன். அடுத்த தெருவுலேயே வீடு. தினமும் சாயங்காலம் வந்து ஒரு மூச்சு பேசிட்டுப் போவா. எனக்கு அது போதும்.

அப்புறம் ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாங்க. அவருக்கு வேற ஊருக்கு மாத்தல், ரொம்பத் தூரம். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே பெரிசு. அவ முகத்துல அவ்வளவு சந்தோஷம் சார். என்னை விட்டுட்டுப் போறோமேன்னு ஒரு துளி வருத்தம் இல்ல. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சது. "நல்லபடியா போயிட்டு வாங்க"ன்னு சொன்னேன்.

அந்தப் பயணத்துக்குத்தான் காரைச் சரி பண்ணக் கொண்டாந்தார். பழைய ஹெடர் விரிசல் விட்டிருந்தது.

"மச்சான், கோட்டிங் போட்டதே வாங்கிடலாமா? கால் வைக்கிற இடம் கொதிக்குதுன்னு இவ புலம்புறா."

"எதுக்கு மாப்பிள்ளை தண்டச் செலவு? போற ஊர்ல வீடு புடிக்கணும், சாமான் வாங்கணும். காசைக் கரியாக்காதீங்க."

"இல்ல மச்சான், அந்தச் சூடு..."

"சூட்டுக்கு நான் தகடு வச்சுத் தர்றேன்."

அவர் சிரிச்சார். "உங்க பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? நீங்க சொன்னா சரி."

அதை அவர் வாயால சொன்னார் சார். நான் கட்டாயப்படுத்தல. பிடிவாதமா நின்னு வேணும்னு கேட்டிருந்தா கோட்டிங் போட்டதையே மாட்டியிருப்பேன். முடிவை அவர் கையிலதான் விட்டேன்.

வெறும் பைப்பை மாட்டினேன். தகடு வைக்கல. பெட்ரோல் ஹோஸ் எப்பவும் ஹெடரை விட்டு ஒதுங்கிச் சுத்திப் போகும். அதைக் குறுக்கே இழுத்து ஹெடரை ஒட்டியே கட்டினேன். ரப்பர்தானே, சூட்டுல காய்ஞ்சு வெடிச்சிடும். பூச்சு இருந்திருந்தா அவ்வளவு சீக்கிரம் ஆகியிருக்காது. அதனால மேட்டு ரோட்டுல போறவங்களுக்குக் கோட்டிங் கொடுத்த காசுக்குத் தகும். யார் கேட்டாலும் தைரியமா சொல்லுங்க.

அதுக்கப்புறம் தங்கச்சியைத் தினமும் பட்டறைக்கு வரச் சொன்னேன். சாமான் கட்ட அட்டைப்பெட்டி சேர்த்து வச்சிருக்கேன்னு சொன்னேன். தவறிப்போய் அவ அந்தக் காருல ஏறிடக் கூடாதே. அவ மேல ஒரு கீறல் பட விடுவேனா. அவளும் வந்து பழையபடி என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே பெட்டிக்கு டேப் ஒட்டினா. எனக்கு ரொம்ப நல்ல நாளுங்க அதெல்லாம். ஒட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் போன் வந்தது. கதவைத் திறந்துட்டாராம், பெல்ட்டைத்தான் கழட்ட முடியலையாம். அவ சரிஞ்சப்ப நான்தான் தாங்கிப் புடிச்சேன்.

பழைய வண்டி, பெட்ரோல் ஒழுகியிருக்கும்னு உங்க ஆளுங்க விட்டுட்டாங்க. தங்கச்சி விடல. அனுமதி கேட்டு வாங்கிப் போய் அந்தக் கருகின காரைப் பார்த்திருக்கா. ரப்பர் போயிடுச்சு, கம்பி போகல. ஹோஸுக்கு நான் கிளாம்பு போடுறதில்ல. கம்பியை ரெண்டு சுத்து சுத்தி முறுக்கி, முனையை உள்பக்கமா மடிச்சு விடுவேன். சின்னப் பிள்ளையில ஒரு கம்பி முனை அவ விரலைக் கிழிச்சதுலேர்ந்து வந்த பழக்கம். இந்த ஊர்ல வேற யாரும் அப்படிக் கட்ட மாட்டாங்க. அந்தக் கட்டு ஹெடர் போல்ட்டுல இருந்திருக்கு. ஹோஸைச் சும்மா தொங்க விட்டிருந்தா எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. ஆனா வேலையை அரைகுறையா விட எனக்குக் கை வராது சார்.

"அண்ணா, இது நீ கட்டினதா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். அவகிட்ட நான் பொய் பேசினதே இல்ல. செருப்பை மாட்டிக்கிட்டு நேரா உங்ககிட்ட வந்துட்டா.

ஆமா, கொன்னது நான்தான். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அவ இப்ப மாமியார் வீட்டுல இருக்காளாம், அங்கே அவளுக்குச் சரிப்பட்டு வராது. என் வீட்டுச் சாவியை அவகிட்ட கொடுத்துடுங்க. அவ ரூமைப் பெருக்கித் துடைச்சு, புது மெத்தை வாங்கிப் போட்டு வச்சிருக்கேன்.

எனக்கு அண்ணன்னு ஒருத்தனும் கிடையாதுன்னு அவ எழுதிக் கொடுத்திருக்கான்னு சொல்றீங்க. சின்ன வயசுலேயும் கோபம் வந்தா அதையேதான் சொல்வா சார். பசிச்சா வந்துடுவா.