உறைக்கும் ஒரு கேள்வி

தறிச் சத்தத்தையும் தாண்டித் தன் சொல்லைக் கேட்கவைக்கும் சங்கத் தலைவர் இராஜமாணிக்கம் அவர்களே! சேவூர் நெசவாளப் பெரியோர்களே! பிள்ளையையும் தறியையும் ஒருசேரக் காக்கும் தாய்மார்களே! என்னைச் செல்போனில் படம் பிடிக்கும் தம்பி தங்கைகளே! அறிவியல் ஆசிரியை தேவிப்ரியாவின் அன்பு வணக்கம்!

சங்க விழாவில் வாழ்த்திப் பேசத்தான் அழைத்தார்கள். ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம், மேசைக்குக் கீழே இருக்கும் அந்த அட்டைப்பெட்டி. சங்கத்துக்கு நன்கொடையாக வந்து, உங்களுக்கு இலவசமாகத் தரப்போகும் செல்போன் கவர்கள்! பெட்டியைத் திறந்ததிலிருந்து அந்த நெடி என் மூக்கை விட்டுப் போகவில்லை.

நம் சாலமோன் வீட்டில் நடந்தது தெரியுமா? அவர் மனைவி ரோஸி முன்வரிசையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். சாலமோன் வாங்கிவந்த கவரை, பல் முளைக்கும் குழந்தை ஸ்டெஃபி ஓயாமல் கடித்தாள். ரோஸிக்குப் பயம். "ப்யூர் சிலிகான்னு கடைக்காரர் சொன்னாரே" என்றார் சாலமோன். ப்யூர் என்றதும் ஆரணிக்காரர் கை எங்கே போகும்? தீப்பெட்டிக்கு! அசல் பட்டுதானா என்று இழையைக் கொளுத்தி மோந்து பார்ப்பதுபோல, கவரில் ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திவிட்டார். கரும்புகை வீட்டை நிறைத்தது.

"இன்னாங்க பண்ணிகினு கீறீங்க? கொழந்த இருமிகினு கீது!" என்று ரோஸி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! ஆனால் 'இது ப்யூர்தானா?' என்று சாலமோனுக்கு வந்த கேள்வி தப்பா? இல்லை, கொளுத்தியதுதான் தப்பு. பிளாஸ்டிக் புகை நஞ்சு. மலிவான மென் பிளாஸ்டிக் சிலவற்றில் வளைவதற்காகச் சேர்க்கும் ரசாயனம், கடிக்கும் வாயில் கசியலாம். எதில் என்ன இருக்கிறது? மூக்குக்குத் தெரியாது, நெருப்புக்கும் தெரியாது, செய்தவருக்குத் தெரியும்! அவரைக் கேட்டோமா? சரிகையில் சந்தேகம் வந்தால் சண்டைக்குப் போகிறோம். சாயம் போனால் சங்கத்தைக் கூட்டுகிறோம். சின்னப்பிள்ளை கடிப்பதைப் பார்த்துச் சும்மா இருக்கிறோம்!

என்ன சொல்கிறீர்கள், ஐயா? "ஓசில தர்றத்துக்குப் போயி இன்னா கேக்குறது?" என்றா? சற்றுமுன் எனக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்தினீர்களே, அதுவும் ஓசிதான். ஓரத்தைத் தடவிப் பார்த்து, "பட்டா, பாலியஸ்டரா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது நீங்கள்தானே? என் தோளுக்காகக் கேட்டதை உங்கள் பேரப்பிள்ளையின் வாய்க்காகக் கேட்கமாட்டீர்களா?

தலைவர் அவர்களே, கோபிக்காதீர்கள். எதனால் செய்தது என்று கொடுத்தவர் சொல்லும்வரை அந்தப் பெட்டி எங்களுக்கு வேண்டாம்!

அதோ, தலைவரே குனிந்து பெட்டியை மூடுகிறார்! எனக்குக் கை தட்டாதீர்கள், அவருக்குத் தட்டுங்கள்!

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. எழுந்து போவதற்கு முன், மடியில் இருக்கும் பிள்ளையின் வாயில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். வணக்கம்!