பதினொரு வால்களும் ஒரு திறப்பு விழாவும்

நாற்பது நிமிடம் தாமதமாக வந்தும் ஒரு துளி வியர்க்காமல் தலைமை ஏற்றிருக்கும் மாண்புமிகு அமைச்சர் அவர்களே! குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கி வந்து வெயிலின் அருமையை எங்களுக்கு விளக்கிய நிறுவனத்தாரே! செயின்ட் பிலிப் வட்டாரத்துப் பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத் தொப்பியைச் செவ்வாயன்றே அணிந்து வந்த தாய்மார்களே! யூனா கிட்டென்ஸின் வணக்கம்.

சூரிய மின்நிலையம் வந்துவிட்டது, வாழ்த்துகிறோம். நம் மேய்ச்சல் நிலத்தில் வந்தது, அதையும் வாழ்த்துகிறோம். "பேனல்களுக்குக் கீழே உங்கள் ஆடுகள் மேயலாம்" என்று, நிலம் கேட்டு வந்த அன்று நிறுவனத்தார் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். என்ன அழகான கையெழுத்து! கான்வென்டில் எனக்குக் கற்பித்த கன்னியாஸ்திரிகளே மெச்சியிருப்பார்கள்.

பிறகு? என் பக்கத்து வீட்டு எர்சில்லா தன் பதினொரு ஆடுகளோடு வாயிலுக்குப் போனாள். காவலாளி டைட்டன் மறித்தான்.

"உள்ள விட முடியாதுக்கா. எஞ்சினியர் உத்தரவு. வெள்ளாடு பேனல் மேல ஏறிடுமாம்."

"வெள்ளாடா? டேய், வாலப் பாருடா, தொங்குதில்ல?"

"எனக்குத் தெரியுதுக்கா. கம்பளி இருந்தாத்தான் செம்மறியாம், அந்த ஆளுக்கு!"

கேட்டீர்களா? பார்படோஸ் வெயிலில் கம்பளி! நம் கருவயிற்றுச் செம்மறி கம்பளி போர்த்தாதது குற்றம்! வால் நிமிர்ந்தால் வெள்ளாடு, தொங்கினால் செம்மறி என்று இங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். கடல் கடந்து படித்தவருக்குத் தெரியவில்லை.

ஆட்டைத் தடுத்தார்கள், புல்லைத் தடுத்தார்களா? சோதனை ஓட்டத்திலேயே அது வளர்ந்து பேனல்களை மறைத்தது. மின்சாரம் பாதியானது. புல்வெட்டும் இயந்திரம் வந்தது. கல்லை வாரியடித்து முப்பது பேனல்களை உடைத்தது. ஆடு ஏறாத பேனலில் கல் ஏறியது! என்ன முன்யோசனை!

பின்வரிசையில் சிரிக்காதே, வின்ஸ்டன். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேள்.

மேய இடமில்லாமல், நாளைக் காலை கசாப்புக்காரரை வரச் சொல்லியிருக்கிறாள் எர்சில்லா. அந்த ஆடுகளைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

அமைச்சருக்குக் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்க என்னை அழைத்தார்கள். வயதானவள், விதவை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அடக்கமாகப் பேசுவாள் என்று நம்பினார்கள். பாவம்! மாண்புமிகு அமைச்சரே, நீங்கள் இந்த மண்ணில் பிறந்தவர், என் வகுப்பில் படித்தவர். நாடா கட்டிய வாயிலைப் பாருங்கள். எர்சில்லா நிற்கிறாள், பதினொரு வால்களும் நிற்கின்றன. நிமிர்ந்தா, தொங்கியா? இதோ ஒலிவாங்கி.

"செம்மறிதான், மிஸஸ் கிட்டென்ஸ்."

முழு வாக்கியமாகச் சொல்லியிருக்கலாம்; போகட்டும். டைட்டன், வாயிலைத் திற! நாடாவை நானே வெட்டுகிறேன். முதலில் செம்மறிகள் போகட்டும். அமைச்சர் பின்னால் வரலாம், கால் வைக்கும் இடம் பார்த்து.

வெயிலில் பொறுமையாக நின்ற உங்களுக்கு என் நன்றி. தேங்காய் ரொட்டி கூடாரத்தில் இருக்கிறது. எர்சில்லா, கசாப்புக்காரரையும் சாப்பிட வரச் சொல். நாளைக்கு அவருக்கு வேலையில்லை. வணக்கம்!