இருபத்தொன்பது நாள் கேட்ரிட்ஜ்

“மூஞ்சில மாட்டுற மூடியக் கழுவறதுக்குன்னு ஒரு வேலையா?” என்று ஆரோக்கியமேரி அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டார். பொன்னேரியில் காலை ரயிலில் என் பக்கத்தில் உட்காருபவர். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பதில் நீளமானது. நீளமானவற்றை நான் நோட்டில்தான் எழுதுவேன்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்கு வாய் திறக்காது. அத்தா தெரிந்தவரிடம் சொல்லி, கும்மிடிப்பூண்டியில் ஒரு குழாய்த் தொழிற்சாலையின் மாஸ்க் அறையில் சேர்த்துவிட்டார். அங்கே குழாய்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஒரு தொட்டியில் முக்குவார்கள். தொட்டியில் இருப்பது பார்க்கத் தண்ணீர் போலிருக்கும் திரவம். லேசான தித்திப்பு வாசனை. அந்த ஆவி உள்ளே போகாமலிருக்கத் தொட்டியில் வேலை செய்யும் பதினோரு பேரும் ரப்பர் மாஸ்க் மாட்டுவார்கள். மாஸ்க்கின் இரண்டு பக்கமும் கரி நிரப்பிய வட்ட டப்பா இருக்கும். அதுதான் கேட்ரிட்ஜ். ஆவியை அந்தக் கரி பிடித்துக்கொள்ளும். கரி நிறைந்துவிட்டால் பிடிக்காது.

ஷிப்ட் முடிந்ததும் மாஸ்க்குகளை வாங்கி, கேட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு, ரப்பரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைப்பேன். மூச்சு வெளியேறும் சின்ன வால்வில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பேன். பட்டை தளர்ந்திருந்தால் மாற்றுவேன். பேர் எழுதிய ஆணியில் மாட்டுவேன். நான் நன்றாகச் செய்தேன். இதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

கேட்ரிட்ஜை எப்போது மாற்றுவது என்பதில் மட்டும் எங்கள் இடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. “நாத்தம் மூக்குக்கு வந்தா வந்து வாங்கிக்கினு போ. வராத வரைக்கும் அது புதுசுதான்” என்பார் சூப்பர்வைசர் வீரராகவன். மூக்கை நம்பாதே, நாள் கணக்கு வைத்து மாற்று என்று கேட்ரிட்ஜ் பெட்டியோடு வந்த ஆங்கிலத் தாளில் இருந்தது. அந்தத் தாளை நான் மட்டும்தான் படித்தேன். அகராதி வைத்துக்கொண்டு முழுவதையும் நோட்டில் தமிழில் எழுதினேன். புதிய கேட்ரிட்ஜ் கொடுக்கும்போது அதன் மேல் மார்க்கரால் தேதி எழுதுவேன். ஏழாம் நாள் ஒவ்வொருவராக மூக்கைச் சுளித்துக்கொண்டு வருவார்கள்.

விமல் மட்டும் வரமாட்டார்.

பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து வருபவர். வீட்டில் நெல் வயல் உண்டு, அம்மா மட்டும். ஒருநாள் தொட்டித் திரவம் நிரப்பிய சாம்பிள் பாட்டில் ஒன்று என் மேஜையில் கவிழ்ந்துவிட்டது. வரிசையில் நின்ற எல்லோரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். விமல் அங்கேயே நின்று தன் மாஸ்க்கைக் கேட்டார். நான் அவரைப் பார்த்தேன்.

“இன்னா அப்டி பாக்கற?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சின்ன வயசுல மாட்டு வண்டிலேர்ந்து உழுந்தேன். மண்டைல அடி. அப்பலேர்ந்து மூக்கு வேலைக்காவாது. எங்கம்மா கருவாடு வறுத்தாக் கூட கண்ணால பாத்தாதான் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதம்மா, வேலய விட்டுத் தூக்கிடுவானுங்க.”

வெளியிலிருந்து ஒருவர், “டேய், ஊமச்சிகிட்ட ரகசியம் சொல்றான்டா. பத்திரமா இருக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விமலும் சிரித்தார். எனக்கு அது வலிக்கவில்லை.

மறுநாள் முதல் வேலைக்குப் போகும் முன் என் ஜன்னலருகே வந்து, “இன்னிக்கு மாத்தணுமா?” என்பார். நான் தலையசைப்பேன், ஆமாம் என்றோ இல்லை என்றோ. எட்டு மாதம் இப்படி. தொழிற்சாலையில் மற்ற ஆண்களை அண்ணா என்பேன். இவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு மனிதருக்கு மூக்காக இருப்பது சின்ன விஷயமல்ல. இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. எனக்கு அவரிடம் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

2008 பிப்ரவரியில் ஒரு காலை, “வள்ளூர்ல புதுசா பவர் பிளான்ட் கட்றாங்கள்ல, அங்க காண்ட்ராக்ட்ல ஆள் எடுக்கறாங்க. எனக்கு ஓகே ஆயிடுச்சி. பத்து நாள்ல மெடிக்கல், அது பாஸானா போதும்” என்றார். மிகச் சந்தோஷமாகச் சொன்னார். அதே மூச்சில், “இன்னிக்கு மாத்தணுமா?” என்று கேட்டார்.

அன்று ஏழாம் நாள். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். வள்ளூரில் உயரத்தில் ஏறி வேலை செய்ய வேண்டியிருக்கும். அவர் விழுந்தவர். அங்கே அவருடைய மூக்கைப் பற்றி யாருக்குத் தெரியும்? ஆவியால் லேசாகத் தலைசுற்றல் இருந்தால் மெடிக்கலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு புது கேட்ரிட்ஜ் போட்டுவிடலாம். எல்லாம் பழையபடி இருக்கும்.

பத்து நாள் என்றுதான் கணக்கு. மெடிக்கலைப் பன்னிரண்டு நாள் தள்ளிவைத்தது நான் அல்ல.

தினமும் கேட்டார். தினமும் தலையசைத்தேன். அந்த நாட்களில் அவருடைய மாஸ்க்கை மட்டும் தினமும் இரண்டு முறை கழுவினேன். நாஷ்டா இறங்கவில்லை, தலை பாரமாக இருக்கிறது, பேஜாராக இருக்கிறது என்பார். வெயில் என்று அவரே சொல்லிக்கொள்வார். வீரராகவன் சார் எப்போதாவது ஆணியில் மாட்டியிருக்கும் மாஸ்க்குகளைப் பார்ப்பார். அதனால் விமலின் கேட்ரிட்ஜில் இருந்த தேதியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு வேறு தேதி எழுதினேன். மூன்று முறை எழுதினேன். தலையசைத்ததை மட்டும் முதலில் எழுதிவிட்டு இதை விட்டுவிடப் பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் நோட்டில் தமிழில் எழுதி வைத்ததில், ஆவி உள்ளே போனால் என்னென்ன வரும் என்று ஒரு பட்டியல் உண்டு; முதல் வரி தலைசுற்றல். நான்காம் வரி கல்லீரல். அதையும் என் கையால்தான் எழுதியிருந்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் மெடிக்கல். கண்ணில் மஞ்சளைப் பார்த்ததுமே ரத்தம் எடுத்தார்களாம். வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே அவர் மாஸ்க்கில் புதிய கேட்ரிட்ஜ் பொருத்தி, சரியான தேதி எழுதினேன். என் கணக்கில் எல்லாம் அங்கே முடிந்துவிட்டது. அவர் உடம்பில் முடியவில்லை. மே மாதம் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தார். இருபத்தாறு வயது. நான் போகவில்லை. போய் என்னவென்று சொல்லிக்கொள்வது?

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய வாரம் ஒருமுறை தொழிற்சாலைக்கு வந்தார். வேலையை விடுபவர் தன் மாஸ்க்கைத் தானே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஆணியிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்தார். வயிறு வீங்கியிருந்தது. கண்கள் மஞ்சளாக இருந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

“வீரராகவன் சார் கேட்டாரு, டப்பா மாத்தாம வச்சிக்கினு இருந்தியான்னு” என்றார். “சும்மா இரு சார், அந்தப் பொண்ணு மேல பழி போடாத, அது ஒரு நாள் கூட தப்பு பண்ணாதுன்னு சொல்ட்டேன். நீ ஒண்ணும் பயப்படாத. இன்னா, ஊட்டுக்குப் போய்க்கினு எல்லாம் அழுவாத.”

நான் அழவில்லை. வாய் திறந்தது. அவரிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அது.

“நான் மாத்தல. நீங்க போயிடுவீங்கன்னு மாத்தல.”

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. எதுவும் புரிய அப்போது அவருக்கு நேரமானது. பிறகு மாஸ்க்கை எடுத்து, கேட்ரிட்ஜைக் கழற்றி, மற்றவர்கள் செய்வது போல மூக்கருகே வைத்து ஆழமாக இழுத்தார். இன்னொரு முறையும் இழுத்தார். அதை மெதுவாக ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். இரண்டு இடத்தில் நின்றார். ஏதாவது சொல்லத்தான் நிற்கிறார் என்று காத்திருந்தேன். கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.